விடைத்தாளும் பாடத்திட்டமும்: அமெரிக்க முதலாண்டு வேதியியல் தேர்வின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொது வேதியியல் என்ற பெயரில் முதலாண்டில் நடத்தப்படும் பாடம் வேதியியலாளர் ஆக விரும்புவோருக்கு மட்டும் உரியதன்று. பொறியியல், மருத்துவம், செவிலியம், வேளாண்மை, உணவியல் என எத்துறைக்குச் செல்ல நினைப்பவரும் அதைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதால், பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்து, ஒரே மாலையில் பல மண்டபங்களில் பிரிந்து அமர்ந்து, ஒரே வினாத்தாளுக்கு விடையளிப்பது நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. இத்தேர்வின் வரலாற்றை வினாக்களின் வரலாறாக எழுதுவது இயல்பாகத் தோன்றலாம். ஆயினும் விடைத்தாள்களை யார், எதைக் கொண்டு, எவ்வளவு விரைவில் திருத்தினார்கள் என்பதன் வரலாறாக எழுதினால்தான் அதன் போக்கு விளங்கும். திருத்தும் முறை மாறியபோதெல்லாம் கேட்கத்தக்க வினா எது என்பதும் மாறியது. அதன்பின் சில ஆண்டுகளில் கற்பிக்கத்தக்க வேதியியல் எது என்பதும் மாறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருத்துவதற்கு விடைத்தாள் என்ற ஒன்றே பெரும்பாலும் இல்லை. 1802இல் யேல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக அமர்த்தப்பட்ட பெஞ்சமின் சில்லிமன் செய்முறை விளக்கங்களோடு கூடிய விரிவுரைகளால் புகழ்பெற்றவர். ஆனால் அன்றைய அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவனின் தேர்ச்சியை அளந்த முறை ஒப்பித்தலே ஆகும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். மாணவன் எழுந்து நின்று பாடநூலின் பகுதியைச் சொல்வான். ஆசிரியர் தம் ஏட்டில் ஒரு குறியிடுவார். ஆண்டிறுதியில் கல்லூரியின் மேற்பார்வைக் குழுவினர் வந்து அமர்ந்து வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்பதும் உண்டு. அக்குழுவினர் பலரும் மதகுருமாராகவோ வழக்கறிஞராகவோ இருந்தமையால், அத்தேர்வில் சோதனையைவிடச் சடங்கே மிகுந்திருந்தது எனலாம். இருபது முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு இம்முறை போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் வெவ்வேறு கேள்வி கேட்கப்பட்டதால் இருவரை ஒப்பிட வழியில்லை என்பதே அதன் அடிப்படைக் குறை.

அக்குறையை நீக்க முயன்றவர்களில் முதன்மையானவர், பின்னாளில் நாற்பது ஆண்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய சார்லஸ் எலியட். 1850களின் நடுவில் அங்கு இளம் பயிற்றாசிரியராக இருந்தபோது, அவரும் ஜேம்ஸ் மில்ஸ் பியர்ஸ் என்பாரும் தங்கள் கணித வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு மாற்றாக, அனைவருக்கும் ஒரே வினாக்களைக் கொடுத்து எழுதச் செய்யும் தேர்வை நடத்த இசைவு பெற்றனர். எலியட் அடிப்படையில் வேதியியலாளர். ஹார்வர்டில் வேதியியலை நிலைநாட்டிய ஜோசையா குக் என்பாரிடம் பயின்றவர். அங்கே விரும்பிய பேராசிரியர் பதவி 1863இல் கைநழுவியதால் ஐரோப்பா சென்று திரும்பி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர். அங்கு ஃபிரான்சிஸ் ஸ்டோரருடன் இணைந்து 1867இல் அவர் வெளியிட்ட கனிம வேதியியல் கையேடு, மாணவர்கள் தம் கையால் செய்து பார்க்கும் சோதனைகளை மையமாகக் கொண்டது. 1869இல் அவர் ஹார்வர்டின் தலைவரான பின், எழுத்துத் தேர்வு கல்லூரி முழுவதற்கும் பொதுவழக்கமானது. ஒரே வினா, ஒரே நேரம், எழுத்தில் விடை என்ற மூன்றும் சேர்ந்ததும், விடைத்தாள் என்னும் பொருள் பிறந்தது; அதைத் திருத்தும் சுமையும் உடன்பிறந்தது.

அக்கால எழுத்துத் தேர்வின் வேதியியல் வினாக்கள் பெரும்பாலும் விளக்கம் கோருபவை. குளோரினைத் தயாரிக்கும் முறையை எழுதுக, கந்தக அமிலம் ஈய அறை முறையில் உருவாவதை விவரி, இரும்புத் தாதுவிலிருந்து எஃகு பெறப்படும் படிகளைக் கூறு என்ற வகையில் அமைந்த அவ்வினாக்களுக்கு மாணவன் பத்திகளாக விடை எழுத, பேராசிரியர் அதை முழுதாகப் படித்து மதிப்பிட்டார். 1900இல் தொடங்கப்பட்ட கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் 1901 ஜூனில் தன் முதல் தேர்வுகளை நடத்தியபோது வேதியியலும் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த முதல் ஆண்டில் எல்லாப் பாடங்களுக்குமாக எழுதியோர் 973 பேர் மட்டுமே என்பதால், விடைகளை ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து படிப்பது இயலக்கூடியதாகவே இருந்தது.

எழுத்துத் தேர்வோடு ஒப்பத்தக்க மற்றொரு தேர்வும் ஆய்வகத்தில் வளர்ந்தது. ஜெர்மனியில் கீசன் நகரில் லீபிக் நடத்திய ஆய்வகப் பயிற்சியின் வழியிலும், 1841இல் ஃபிரசீனியஸ் வெளியிட்ட பண்பறி பகுப்பாய்வு நூலின் வழியிலும் வந்த இத்தேர்வில், மாணவனுக்குப் பெயர் குறிக்கப்படாத ஓர் உப்பு அல்லது கரைசல் தரப்படும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எது வீழ்படிவாகிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்தினால் என்ன நிறம் தோன்றுகிறது என்று தொகுதி தொகுதியாகச் சோதித்து, அதிலுள்ள உலோக அயனிகளை அவன் கண்டறிய வேண்டும். விடை ஒரு வரியில் முடிந்துவிடும். அதைத் திருத்த ஒரு நொடி போதும். எனினும் அந்த ஒரு வரியை எட்ட மாணவன் மூன்று மணி நேரம் வேதியியலையே செய்திருப்பான். திருத்துவதற்கு எளிதாகவும் போலி செய்வதற்குக் கடினமாகவும் அமைந்த தேர்வு இதைப்போல் வேறொன்று பின்னர் தோன்றவில்லை. அமெரிக்க முதலாண்டுப் பாடத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது இடம்பெற்றிருந்து, நச்சு வாயுவைப் பற்றிய அச்சமும் ஆய்வகச் செலவும் மிகுந்ததால் படிப்படியாகக் குறைந்தது. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த தமிழகக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் அதே தேர்வு உப்பு பகுப்பாய்வு என்ற பெயரில், வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் முன்னிலையில், அமெரிக்காவில் அது மங்கிய பின்னும் நீண்ட காலம் நிலைத்தது. ஒரே ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்த இரு கிளைகளில் ஒன்று பட்டுப்போக மற்றொன்று தழைத்தது எவ்வாறு என்பது தனியே ஆராயத்தக்கது.

மாணவர் தொகை பெருகியதற்கு வேதியியலின் வளர்ச்சியைவிடப் பிற துறைகளின் தேவையே முதற்காரணம். 1910இல் வெளிவந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, மருத்துவக் கல்லூரியில் சேருமுன் வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றைக் கல்லூரி மட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பொறியியல், வேளாண்மைக் கல்லூரிகளும் அதே நிபந்தனையை விதித்தன. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1952 வரை முதலாண்டு வேதியியலைக் கற்பித்த ஜோயல் ஹில்டபிராண்டு ஏறத்தாழ 40,000 மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றியதாகக் கணக்கிடப்படுகிறது. 1912இல் அங்கு வந்த கில்பர்ட் லூயிஸ் வேதியியல் துறையை மாற்றியமைத்தபோது, பெரிய விரிவுரைக்கு ஈடுசெய்யும் வகையில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, மூத்த பேராசிரியர்கள் உட்பட அனைவரும் அக்குழுக்களை நடத்த வேண்டும் என்ற வழக்கத்தை உருவாக்கினார். விரிவுரையில் அமர்வோர் எத்தனை பேராயினும், ஒரு மாணவன் எழுதியதை அவனை முகமறிந்த ஒருவர் படிக்கும் ஏற்பாடு அதனால் ஓரளவு காக்கப்பட்டது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பெர்க்லியைப்போல் ஆள்பலம் இல்லை.

ஆள்பலம் இருந்தாலும் தீராத வேறொரு சிக்கலை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் ஆகிய இருவர் 1912, 1913ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தினர். ஒரே விடைத்தாளின் படிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தித்தரக் கேட்டபோது, மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. ஆங்கிலக் கட்டுரைக்கு அவ்வாறு நேர்ந்தது யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. ஆனால் வடிவியல் விடைத்தாள் ஒன்றுக்கே 28 முதல் 92 வரை மதிப்பெண் இடப்பட்டிருந்தது, கணிதத்தில் சரி, தவறு இரண்டும் தெளிவானவை என்ற நம்பிக்கையை அசைத்தது. இதற்குச் சற்று முன்னரே, 1908இல், மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் மேயர், மதிப்பெண்ணுக்கு நிலையான பொருளில்லை என்றும், வகுப்பில் முதல் 3 விழுக்காட்டினருக்கு மிகச் சிறந்த தரம், அடுத்த 22 விழுக்காட்டினருக்கு அடுத்த தரம், இடையிலுள்ள பாதிப்பேருக்கு நடுத்தரம் என வரிசைப்படியே தரம் வழங்க வேண்டும் என்றும் வாதிட்டிருந்தார். பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டுமே இரு முனைகளிலும் அமையும் மணிவடிவப் பரவலைத் தேர்வு முடிவின் மீது ஏற்றும் இம்முறையே, பிற்காலத்தில் பெரிய வேதியியல் வகுப்புகளில் வளைகோட்டின்படி தரமிடுதல் எனப் பெயர்பெற்றது. வினாத்தாள் கடினமாக இருந்து வகுப்பின் சராசரி நாற்பதாகக் குறைந்தாலும், அந்த நாற்பதே நடுத்தரம் ஆகிவிடும் என்பது மாணவர்களுக்கு ஆறுதல். நண்பன் நன்றாக எழுதினால் தன் தரம் குறையும் என்பது அதன் மறுபக்கம்.

ஸ்டார்ச்சும் எலியட்டும் காட்டிய நோய்க்குக் கான்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு மருந்து வந்தது. ஃபிரெடரிக் கெல்லி என்னும் கல்வியியலாளர் 1914, 1915ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்வில், விடையை எழுதுவதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்றைக் குறித்தால் போதும். கொள்குறி வினா என்று தமிழ்ப் பள்ளிகளில் அறியப்படும் இவ்வடிவம், 1917இல் அமெரிக்க இராணுவம் பெருந்தொகையான வீரர்களுக்கு நடத்திய ஆல்ஃபா தேர்வினால் நாடெங்கும் பரவியது. வேதியியல் ஆசிரியர்களும் அதன்பால் ஈர்க்கப்பட்டனர். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கல்விப் பிரிவு, 1924இல் தனக்கென ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கியபின், 1930இல் தேர்வுகளுக்கென ஒரு குழுவை அமைத்தது. ஓக்லஹோமா வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ஓட்டோ ஸ்மித் தலைமையேற்ற அக்குழு, அதே ஆண்டில் தோன்றிய கூட்டுறவுத் தேர்வுப் பணியகத்தின் துணையோடு, 1934இல் பொது வேதியியலுக்கான முதல் தேசியத் தேர்வை வெளியிட்டது. எந்தக் கல்லூரியும் அதை வாங்கித் தன் மாணவர்களுக்கு நடத்தலாம். முடிவுகளை அனுப்பினால், நாட்டின் பிற மாணவர்களோடு ஒப்பிடுகையில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் நூற்றில் எத்தனையாவது இடத்தைக் குறிக்கிறது என்று காட்டும் அட்டவணை கிடைக்கும். கட்டாயம் ஏதும் இல்லாமலே ஒரு நாட்டின் முதலாண்டு வேதியியலுக்கு ஒரு பொது அளவுகோல் கிடைத்தது இவ்வாறே.

அளவுகோல் கிடைத்தபோதும் திருத்தும் வேலை இன்னும் மனிதக் கையில்தான் இருந்தது. துளையிட்ட அட்டையை விடைத்தாளின் மேல் வைத்து, துளை வழியே தெரியும் குறிகளை எண்ணினர். அதை மாற்றியவர் ரெனால்டு ஜான்சன் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர். மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன்வுட் ஊரில் கற்பித்த அவர், பென்சில் கோட்டிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, தாளில் சரியான இடத்தில் குறியிருந்தால் அதன்வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பொறியொன்றைச் செய்தார். இளமையில், தம் சகோதரிகளைக் காண வரும் இளைஞர்களின் கார்களிலுள்ள தீப்பொறிச் செருகியின் மேல் பென்சிலால் கோடிட்டு, வண்டி கிளம்பாதபடி விளையாட்டாகச் செய்ததிலிருந்தே இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. 1934இல் ஐபிஎம் நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்தியது. 1938இல் ஐபிஎம் 805 என்ற பெயரில் அப்பொறி விற்பனைக்கு வந்தது. தேர்ந்த இயக்குநர் ஒருவர் மணிக்கு 800 தாள்களுக்கு மேல் அதனுள் செலுத்த முடிந்தது. மொத்த மின்னோட்டமே மொத்த மதிப்பெண்ணாக ஒரு முள்ளால் காட்டப்பட்டது. வேதியியல் மாணவனின் விடைகளை மின்கடத்துதிறன் கொண்டு அளந்த இப்பொறியின் ஆசிரியரே பின்னர் கணினியின் வட்டு நினைவகத்தையும் உருவாக்கினார் என்பது தொழில்நுட்ப வரலாற்றின் சுவையான தற்செயல்களுள் ஒன்று.

பொறிக்கேற்ற வினாவை எழுதுவது தனிக்கலையாக வளர்ந்தது. 1946இல் சங்கத்தின் தேர்வுக் குழுவுக்குத் தலைமையேற்றுப் பின் நாற்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்த தியடோர் ஆஷ்ஃபோர்டு, சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அப்பல்கலைக்கழகத்தில் 1931 முதல் கற்பிப்பவரும் தேர்வு வைப்பவரும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டு, தேர்வாளர் அலுவலகம் ஒன்று தனியே இயங்கியது. லூயிஸ் தர்ஸ்டன், ரால்ஃப் டைலர், பெஞ்சமின் புளூம் என்று அளவியலின் பெரும்பெயர்கள் அங்குப் பணிபுரிந்தன. கொள்குறி வினா நினைவாற்றலை மட்டுமன்றிச் சிந்தனையையும் அளக்க முடியும் என்பது அவ்வலுவலகத்தின் நம்பிக்கை. அறிதல், புரிதல், பயன்படுத்துதல் எனத் தொடங்கும் புளூமின் படிநிலைப் பகுப்பு 1956இல் வெளிவந்தது தேர்வாளர்களின் கூட்டங்களிலிருந்துதான் என்பதைக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் மறந்துவிடுகின்றனர்.

இக்கலையின் நுட்பம் சரியான விடையில் இல்லை, தவறான விடைகளில் இருக்கிறது. நிலையான அழுத்தத்தில் உள்ள ஒரு வாயுவை 27 பாகை செல்சியஸிலிருந்து 54 பாகைக்குச் சூடாக்கினால் அதன் பருமன் எத்தனை மடங்காகும் என்று கேட்டால், வெப்பநிலையைக் கெல்வின் அளவுக்கு மாற்றிய மாணவன் 327ஐ 300ஆல் வகுத்து 1.09 என்பான், மாற்ற மறந்தவன் 2 என்பான், தொடர்பைத் தலைகீழாக நினைத்தவன் 0.92 என்பான். ஆகவே இம்மூன்றும் தெரிவுகளில் இடம்பெற வேண்டும்; எவருக்கும் தோன்றாத எண்ணொன்றைத் தவறான விடையாக வைப்பது இடத்தை வீணாக்குவதே ஆகும். தேர்வு முடிந்தபின் ஒவ்வொரு வினாவும் இரு எண்களால் சோதிக்கப்படும். சரியாக விடையளித்தோரின் விகிதம் வினாவின் எளிமையைக் காட்டும். மொத்த மதிப்பெண்ணில் மேல் கால்பகுதியினரும் கீழ்க் கால்பகுதியினரும் அவ்வினாவில் எவ்வளவு வேறுபட்டனர் என்பது அதன் பிரித்தறியும் திறனைக் காட்டும். வல்லோர் தவறவிட்டு மெலியோர் சரியாகச் சொன்ன வினா, பெரும்பாலும் வினா எழுதியவரின் பிழையே. ஊகித்துக் குறிப்பதைத் தடுக்க, தவறுகளின் எண்ணிக்கையைத் தெரிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, சரியானவற்றிலிருந்து கழிக்கும் வழக்கமும் இருந்தது; ஐந்து தெரிவுகள் இருந்தால் ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும். துணிவுள்ளவனுக்கும் தயங்குபவனுக்கும் வெவ்வேறு பலன் தந்த இம்முறை பின்னர்ப் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

பொறியும் கலையும் ஆயத்தமாக இருந்த வேளையில் வெள்ளம் வந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் வீரர்களாக இருந்தனர். 1940இல் சுமார் 15 லட்சமாக இருந்த உயர்கல்வி மாணவர் தொகை 1970இல் 85 லட்சத்தைத் தாண்டியது. அதே காலத்தில் வேதியியல் பாடமும் உருமாறியது. 1947இல் வெளியான லைனஸ் பாலிங்கின் பொது வேதியியல் நூலும், 1957இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சியென்கோவும் பிளேனும் வெளியிட்ட நூலும் அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, வெப்ப இயக்கவியல், சமநிலை ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தன. தனிமங்களையும் சேர்மங்களையும் ஒவ்வொன்றாக விவரிக்கும் பழைய பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. குவாண்டம் கொள்கையின் வெற்றியால் நேர்ந்த இம்மாற்றத்துக்கு அறிவியல் காரணங்களே போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையின் ஒரு பாதி. சமநிலை மாறிலியைக் கணக்கிடச் சொல்லும் வினாவுக்கு ஒரே ஓர் எண்தான் விடை. அதற்கு நான்கு தவறான எண்களை அமைப்பது எளிது. எண்களை மாற்றினால் அடுத்த ஆண்டுக்குப் புதிய வினா கிடைத்துவிடும். சால்வே முறையில் சோடியம் கார்பனேட்டு தயாரிப்பதைப் பற்றியோ, பாஸ்பரஸின் பல்வேறு வடிவங்களைப் பற்றியோ அவ்வாறு ஆண்டுதோறும் கேட்க முடியாது. கேட்டாலும் அது மனப்பாடத்தை மட்டுமே அளக்கும் என்ற குறை எழும். தேர்வில் வராத பகுதியை ஆயிரம் பேர் கொண்ட வகுப்பில் யாரும் படிப்பதில்லை. யாரும் படிக்காததை ஆசிரியர் நெடுநாள் கற்பிப்பதுமில்லை. விவரண வேதியியலை மீட்க வேண்டும் என்ற குரல் 1980களில் வலுவாக எழுந்தபோது, பாடநூல்களின் கடைசி இயல்களில் அதற்கு இடம் கிடைத்தது. தேர்வுகளில் கிடைத்த இடம் சொற்பமே.

கணக்கின் ஆட்சிக்குக் கருவிகளும் துணைநின்றன. 1970களின் தொடக்கம்வரை மாணவர்கள் தேர்வுக்குக் கொண்டுசென்றவை மடக்கை அட்டவணையும், ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவும் கோலுமே. அக்கோல் மூன்று இலக்கங்களுக்கு மேல் துல்லியம் தராது; தசமப் புள்ளி எங்கே வரும் என்பதை மாணவனே மனத்தில் மதிப்பிட வேண்டும் என்பதால், விடை எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும் என்ற உணர்வு தானாக வளர்ந்தது. 1972இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 395 டாலருக்கு வெளியிட்ட எச்பி-35 கணிப்பான், மடக்கையையும் அடுக்குகளையும் பத்து இலக்கத் துல்லியத்தில் நொடியில் தந்தது. அவ்விலை பல மாணவர்களுக்கு எட்டாதது என்பதால் தேர்வு மண்டபத்தில் அதை அனுமதிப்பது நியாயமா என்ற விவாதம் துறைகளில் எழுந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே விலை சரிந்ததால் விவாதமும் தணிந்தது. அதன்பின் வினாக்களில் எண்கள் சிக்கலாயின. அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள் எத்தனை என்பதைக் கேட்கும் வினா புதிதாக முக்கியத்துவம் பெற்றது. கணிப்பானின் திரையில் தெரிந்த பத்து இலக்கங்களையும் அப்படியே எழுதிவைக்கும் மாணவர்கள் ஆசிரியர்களின் நிரந்தரப் புகார்ப் பட்டியலில் இடம்பெற்றனர்.

கணக்கைச் சரியாகப் போடுபவனுக்கு வேதியியல் புரிந்திருக்கிறது என்ற அடிப்படை நம்பிக்கை 1987இல் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. சூசன் நரன்பெர்னும் மைல்ஸ் பிக்கரிங்கும் வாயு விதிகள் பற்றி இருவகை வினாக்களைப் பொது வேதியியல் மாணவர்களுக்குக் கொடுத்தனர். முதல்வகை வழக்கமான கணக்கு. இரண்டாம் வகையில் கணக்கே இல்லை. எஃகுக் கலத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் புள்ளிகளாகப் பரவியிருக்கும் படத்தைக் காட்டி, கலத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை குளிர்வித்தால் புள்ளிகள் எவ்வாறு அமையும் என்று நான்கு படங்களிலிருந்து தெரிவு செய்யச் சொன்னது. அவ்வெப்பநிலையிலும் ஹைட்ரஜன் வாயுவாகவே இருக்கும். ஆகவே புள்ளிகள் முன்போலவே கலம் முழுதும் பரவியிருக்க வேண்டும். கணக்கை எளிதில் முடித்த மாணவர்களுள் கணிசமானோர், புள்ளிகள் அடியில் படிந்த படத்தையோ நடுவில் குறுகிய படத்தையோ தெரிவு செய்தனர். 1990இல் சான் டியேகோவில் பார்பரா சாரியும், 1993இல் பர்டியூவில் மேரி நாக்லேயும் செய்த ஆய்வுகளும் அதே இடைவெளியைக் காட்டின. சமன்பாட்டில் எண்களை இட்டு விடை காண்பது, மூலக்கூறுகளை மனக்கண்ணில் காணாமலே கற்றுக்கொள்ளக்கூடிய திறன் என்பது தெளிவாயிற்று. இவ்வாய்வுகளுக்குப் பயன்பட்ட வினாக்களும் கொள்குறி வினாக்களே என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வினா வடிவத்தால் நேர்ந்த குறை என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி, அதைக் கொண்டு எதைக் கேட்பது என்ற தெரிவினால் நேர்ந்தது. அமெரிக்க வேதியியல் சங்கமும் அடுத்த ஆண்டுகளில் கருத்து வினாக்கள் கொண்ட தேர்வையும், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு கணக்கும் ஒரு கருத்து வினாவுமாக இணைத்த தேர்வையும் வெளியிட்டது.

வினாவின் கடினம் எங்கே பிறக்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து வேறொரு விளக்கம் வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டனும் ஹஸ்ஸான் எல்பன்னாவும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வினாவைத் தீர்க்க ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டிய படிகள் ஐந்து அல்லது ஆறைத் தாண்டும்போது, சரியாக விடையளிப்போர் விகிதம் படிப்படியாகக் குறையாமல் திடீரெனச் சரிகிறது என்று காட்டியது. செறிவு, பருமன், மோல் விகிதம், மிகுதியாக எஞ்சும் வினைபொருள், அமிலத்தன்மை ஆகிய அனைத்தையும் ஒரே வினாவில் கோத்துவிடும் ஆசிரியர், வேதியியல் அறிவையன்றிச் செயல்நினைவின் கொள்ளளவையே அளந்துகொண்டிருக்கலாம் என்பது அதன் உட்பொருள். வினாத்தாள் எழுதும் எவரும் படிக்க வேண்டிய இவ்வாய்வு, பாடநூல்களின் பயிற்சிக் கணக்குகளைப் பெரிதாக மாற்றியதாகத் தெரியவில்லை.

கணினியின் வரவு எதிர்பார்த்த அளவு தேர்வை மாற்றவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ அமைப்பில் ஸ்டான்லி ஸ்மித் உருவாக்கிய வேதியியல் பாடங்களும், 1992இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோன்றி ஒவ்வொரு மாணவனுக்கும் வெவ்வேறு எண்களில் கணக்குத் தந்த கேப்பா அமைப்பும் வீட்டுப்பாடத்தை மாற்றின. பருவத் தேர்வு தாளிலும் பென்சிலிலுமே தொடர்ந்தது. சங்கத்தின் தேர்வுப் பணியும் 1980களில் தனி நிறுவனமாகி, புளோரிடா, ஓக்லஹோமா, தென் கரோலினா, விஸ்கான்சின், அயோவா எனப் பொறுப்பாளர்களோடு இடம் மாறிச் சென்றது. அதன் இன்றைய பொது வேதியியல் தேர்வு 70 வினாக்களும் 110 நிமிடங்களும் கொண்டது; வெவ்வேறு கல்லூரி ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கூடி வினாக்களை எழுதி, முன்னோட்டமாக நடத்திப் பார்த்து, வடிகட்டி வெளியிடுகின்றனர்; எண்ணிடப்பட்ட வினாத்தாள்கள் தேர்வு முடிந்ததும் திரும்பப் பெறப்படுகின்றன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் வீட்டிலிருந்து எழுத நேர்ந்தபோது, பாதுகாக்கப்பட்ட வினாக்கள் என்ற அவ்வேற்பாடே ஆட்டம் கண்டது.

இதற்கிடையில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெலனி கூப்பர் தலைமையிலான குழுவினர், பொது வேதியியல் பாடத்திட்டத்தையே மாற்றியமைத்து, மூலக்கூறுகளிடையே ஈர்ப்புவிசை எவ்வாறு தோன்றுகிறது என்பதை மாணவர்கள் சொற்களாலும் படங்களாலும் விளக்க வேண்டும் என்று கோரத் தொடங்கினர். 2016இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டு நெறி, தேர்வு வினா ஒன்று அறிவியல் செயல்முறை, அடிப்படைக் கருத்து, துறைகளைக் கடந்த கருத்து ஆகிய மூன்றையும் ஒருங்கே கோருகிறதா என்று சோதிக்க வழிசெய்தது. ஆயிரக்கணக்கான விளக்கங்களைப் படிப்பது யார் என்ற பழைய கேள்வி உடனே எழுந்தது. சில நூறு விடைகளை மனிதர் படித்து வகைப்படுத்த, அவ்வகைப்பாட்டைக் கற்றுக்கொண்ட கணினி நிரல் எஞ்சியவற்றைத் தரம் பிரிப்பது அக்குழுவினர் கண்ட வழி. மின் இருமுனைகள் ஏற்படுகின்றன என்று மட்டும் எழுதிய மாணவனையும், எலக்ட்ரான்களின் நகர்வால் அவை ஏற்படுவதைக் காரணத்தோடு எழுதிய மாணவனையும் அந்நிரல் பெரும்பாலும் சரியாகவே பிரித்தறிகிறது. வழக்கத்துக்கு மாறான சொற்களில் சரியான காரணத்தை எழுதிய மாணவனிடத்தில்தான் அது தடுமாறுகிறது. அத்தகைய விடைகளைத் தனியே எடுத்து மனிதர் படிக்கின்றனர்.